என் ஓய்வு பீரியடுக்கு நானே வைத்த ஆப்பு

போன வாரத் திங்கட்கிழமை காலை, ஸ்டாஃப் ரூமில் எனக்குக் கைதட்டினார்கள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் முதல் தடவை!

நான் திருவனந்தபுரத்தில் சமூக அறிவியல் வாத்தியார் என்பது உங்களுக்குத் தெரியும். ஜூன் மாதத்திலிருந்து கோடிங் கற்கிறேன் என்பது தெரியாது. வீட்டுக்கும் தெரியாது. தெரிந்தால், முதலில் மிக்ஸியைச் சரிபண்ணச் சொல்வார்கள்.

எப்போது கற்கிறேன்? நாலாம் பீரியடில். எனக்கு அப்போதுதான் ஓய்வு. ஜன்னலோரம் லேப்டாப். வெளியே தென்னைகள் மழையில் தலை குளிக்கும். திரையில் கர்சர், ‘அப்புறம்... அப்புறம்...’ என்று கண்சிமிட்டும். நாற்பது நிமிஷத்தில் நாலு வரி எழுதுவேன். மீதியெல்லாம் மேகம்.

இந்த சொர்க்கத்துக்கு ஒரே எதிரி – சப்ஸ்டிட்யூஷன். ஒருவர் லீவு போட்டால், ஓய்வில் இருக்கும் இன்னொருவர் அந்த வகுப்புக்குப் போக வேண்டும். யார் போவது? தினமும் காலையில் சின்ன யுத்தம்.

நியாயமாகப் பங்குபோட ஒரு புரோகிராம் எழுதினால் என்ன? இதுவரை யார் குறைவாகப் போனாரோ, அவருக்கே அடுத்த வகுப்பு. எழுதினேன். ஓடியது. அதற்குத்தான் கைதட்டல்.

ஏழு பி டீச்சருக்குக் காய்ச்சல், ஒரு வாரம் லீவு. திங்கள் நாலாம் பீரியட் – நான். சரி, நியாயம். செவ்வாய் – நான். புதன் – நான். நாலாம் பீரியடில் என்னைத் தவிர ஐந்து பேருக்கு ஓய்வு. ஐந்து பேரும் டீ குடித்தபடி புரோகிராமைப் புகழ்ந்தார்கள்.

ஏழு பி-யில் என்ன நடத்துவது? “சத்தம் போடாம மழையைப் பாருங்க” என்றேன். நானும் பார்த்தேன். நந்தனா என்றொரு பெண் கேட்டாள் – மலையாளத்தில்தான், உங்களுக்காகத் தமிழில்:

“சார், அந்த மேகம் எங்கே போகுது?”

“கிழக்கே. மலைக்கு.”

“மலை தாண்டி?”

“திருநெல்வேலிக்கு. ஆனா மலை ஏறும்போதே முக்காலும் கொட்டிடும்.”

“ஐயோ... அங்கே வெறும் கையோடயா சார் போகும்?”

மழை மறைவுப் பிரதேசம் என்று வருஷா வருஷம் போர்டில் எழுதுகிறேன். மேகத்துக்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அன்றைக்கு முழு வகுப்பும் வருத்தப்பட்டது.

வியாழனும் நான். வெள்ளியும் நானே. மாலையில் லேப்டாப்பை கம்ப்யூட்டர் டீச்சர் செல்வியிடம் நீட்டினேன். இந்த ஊர்ச் சாலை பஜார்ப் பக்கத்துத் தமிழ்க்காரி. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

“சாரே, யாரு கம்மியா போயிருக்காங்கன்னு பாக்குது, சரி. போயிட்டு வந்தா ஒண்ணு கூட்டண்டாமா? அந்த வரி எங்கே?”

இல்லை! ஆக, எல்லோருக்கும் என்றென்றும் பூஜ்யம். எல்லோரும் சமம் என்றால் பட்டியலில் முதல் பெயர்தான். அட்டெண்டன்ஸ் எழுதிப் பழகிய கை, பட்டியலை அகர வரிசையில் அடித்திருந்தது. என் பெயர் அனந்தராமன்.

“எந்தினா சாரே மாற்றுன்னே? நன்னாயிட்டு ஓடுன்னுண்டல்லோ!” என்றார் பிசிக்ஸ் தாமஸ் சார். நன்றாக ஓடுவதை எதற்கு மாற்ற வேண்டுமாம்! மற்ற நாலு பேரும் தலையாட்டினார்கள்.

விடுவேனா? அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். என் பெயருக்கு நேரே ஐந்து என்று போட்டேன்.

இந்தத் திங்கட்கிழமை. டீச்சருக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை. ஏழு பி-க்குத் தாமஸ் சார், முனகிக்கொண்டே போனார். எனக்கு ஜன்னல், மழை, மேகம், முழுசாக நாற்பது நிமிஷம். மேகத்தைப் பற்றிக் கேள்வி கேட்கத்தான் ஒருவரும் இல்லை.

நியாயம் இவ்வளவு போரடிக்கும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம்!