குழாய்க்கு மேலே குளிக்கிறவள்

முக்கூடலுக்குப் பக்கத்தில், எங்கள் வயலுக்கு மேல்வயலில் என் கொழுந்தன் பெண்டாட்டி பசுமைக்குடில் போட்ட நாளிலிருந்து எனக்கு வயிறு எரிந்தது. ஒளிப்பானேன்? வெயிலில் கருகாத வெள்ளரிக்காய், ஒரே அளவில் குடமிளகாய். முதல் காய்ப்பை வீட்டுக்கு வீடு கொடுத்தாள். எங்களுக்கு வந்ததை நான் மாட்டுக்குப் போட்டேன். மாடும் ருசித்துத் தின்று தொலைத்தது.

அவளுக்குப் போட்டியாகத்தான் வயல் மூலையில் குட்டை வெட்டி, வாய்க்கால் தண்ணீரைத் திருப்பி, கெண்டைக் குஞ்சு விட்டேன். அவள் காய் கொடுத்த வீட்டுக்கெல்லாம் நான் மீன் கொடுக்க வேண்டும். அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கமே வரும்.

குடிலுக்குள் மழை விழாது. வேரில் புழு விழுந்தால் மண்ணிலேயே மருந்தை ஊற்றுவாள். அடுத்த நடவுக்கு முன்னால் மண்ணில் தங்கிய உர உப்புப் போகட்டும் என்று பாத்தி முழுக்கத் தண்ணீர் கட்டிக் கழுவுவாள். அந்தத் தண்ணீர் ஒரு குழாய் வழியாக வாய்க்காலில் விழும். ஆவணியில் அப்படிக் கழுவிய மறுநாள், என் கெண்டை எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தது.

"அந்தக் குழாய அடைக்கச் சொல்லுங்க," என்று என் வீட்டுக்காரரிடம் அழுதேன்.

"ஏட்டி, மீன் மருந்துல சாகல. உன் வயித்தெரிச்சல்லதான் செத்திருக்கும்," என்றார்.

தெருவும் அதையேதான் சொன்னது. வெள்ளரிக்காயை மாட்டுக்குப் போட்டவள் பேச்சு எங்கே எடுபடும்?

ஆனால் என் கண் அவளை விட்டு அகலாது. என்ன சேலை, என்ன பூ, எப்போது குளிக்கப் போகிறாள், எல்லாம் எனக்கு மனப்பாடம். நாங்கள் குளிக்கிற படித்துறை அந்தக் குழாய்க்குக் கீழே. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளும் அங்கேதான் குளித்தாள். இப்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, குழாய்க்கு மேலே, முள்ளுக்குள் ஒதுங்கிக் குளிக்கிறாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தெருப் பெண்கள் எல்லோரும் தலைக்கு எண்ணெய் வைத்துப் படித்துறையில் இருந்தோம். அவள் வாளியோடு எங்களைத் தாண்டிப் போனாள்.

"ஏளா, நல்ல படி இங்கன கெடக்கு, முள்ளுக்குள்ள எதுக்குப் போற?" என்றேன்.

"அங்கன ஆழமா இருக்கும்க்கா."

"பிள்ளையளோட ஆழத்துலயா முங்குத? இன்னைக்கு ஒரு நாள் எங்ககூட முங்கிட்டுப் போ."

சோப்புப் பெட்டியைத் திறந்தாள், மூடினாள். ஒரு படிகூட இறங்கவில்லை. பெண்கள் ஒவ்வொருவராகத் தண்ணீரை விட்டு ஏறினார்கள்.

அன்று எனக்கு வந்த சந்தோஷம் தீபாவளிக்குக்கூட வந்ததில்லை. அது மறுநாள் வரைக்கும்தான். குழாயை அடைக்கச் சொல்லி யாரும் அவளிடம் போகவில்லை. எல்லோரும் மஞ்சளையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே மேலே குளிக்கப் போனார்கள். முள்ளைக்கூட வெட்டிக் கொடுத்தார்கள். வெள்ளரிக்காய் வழக்கம்போல வீட்டுக்கு வீடு வருகிறது.

நானும் இப்போது மேலேதான் குளிக்கிறேன். என் வயலைத் தூக்கிக்கொண்டு போகத்தான் வழியில்லை.