அட்டையில் கத்திதான் இருக்கும்

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அட்டையைப் பார்த்ததும் சிலருக்கு முகம் மாறியிருக்கும். குத்துவிளக்கும் தாமரையும் இருக்க வேண்டிய இடத்தில் விரித்து வைத்த சவரக்கத்தி இருக்கிறது. அச்சகத்துக்காரர் தவறு எதுவும் செய்துவிடவில்லை. அவரும் சந்தேகப்பட்டு இரண்டு முறை போன் செய்தார். இரண்டு முறையும் கத்திதான் என்று சொன்னேன்.

சொந்தத்தில் மூத்தவரான ஒன்றுவிட்ட சித்தப்பா இதற்காகவே பஸ் ஏறி கீரனூருக்கு வந்தார். "ஏம்ப்பா, நம்ம பிள்ளைக எல்லாம் படிச்சு ஆபீசு, வெளிநாடுன்னு போயிருச்சுக. சம்பந்தகாரங்க கைக்கெல்லாம் இந்தப் புத்தகம் போகும். சுயதொழில் செஞ்சாங்கன்னு ஒரு வரி போட்டா போதாதா?" என்றார். போதாது சித்தப்பா என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் வெட்கப்பட்டது போலவே நானும் வெட்கப்பட்டவன். வெட்கத்தில் அவர் செய்யாததையும் செய்தவன். அதை இங்கே எழுதத்தான் போகிறேன்.

கீரனூருக்கு அருகே ஒரு சிற்றூரில், சவரத் தொழிலாளியான அப்பாவுக்கும் வயல் வேலைக்குப் போன அம்மாவுக்கும் மூத்த மகளாக அக்கா பிறந்தார். எனக்கு ஆறு வயது மூத்தவர். அப்பா வீடு வீடாகப் போய், பின்வாசலில் நின்று குரல் கொடுத்து, கொல்லையில் வைத்துச் சவரம் செய்த காலம் அது. ஒரு நாள், இனி எந்த வீட்டுப் பின்வாசலுக்கும் வர மாட்டேன், வேண்டுமென்றால் கடைக்கு வாருங்கள் என்று ஊரிடம் சொல்லிவிட்டு, கீரனூர் கடைத்தெருவில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார். ஊர் கொஞ்ச நாள் தாடியோடு திரிந்தது. பிறகு கடைக்கு வந்தது.

அந்தக் கடையின் முன்னால் ஒரு தேக்குப் பலகையில் 'ஆண்களுக்கு மட்டும்' என்று அப்பா மஞ்சள் பெயின்டில் தன் கையாலேயே எழுதி மாட்டினார். பெண்கள் எட்டிக்கூடப் பார்க்காத கடைக்கு இந்தப் பலகை எதற்கு என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்த அக்கா கேட்டார். எல்லாக் கடையிலும் இருக்கிறது என்றார் அப்பா.

அக்காவை வல்லத்திராக்கோட்டையில் கட்டிக்கொடுத்தோம். மச்சான் நல்ல மனிதர், விவசாயம் பார்த்தவர். காய்ச்சல் என்று படுத்தவர் பத்தே நாளில் போய்விட்டார். மூன்று வயது மகளோடு அக்கா பிறந்த வீட்டுக்குத் திரும்பினார். அதே ஆண்டு அப்பாவுக்கு வாதம் வந்து வலது கை விழுந்தது, பேச்சும் குழறியது. நான் திருச்சியில் ஒரு பட்டறையில் ஃபிட்டர் வேலைக்குச் சேர்ந்து தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். கடை இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது. ஒரு காலையில் அக்கா சாவியை எடுத்துக்கொண்டு, அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய்க் கடையைத் திறந்தார். வீட்டில் அப்பாவுக்கும் மச்சானுக்கும் சவரம் செய்து பழகிய கைதான்.

மூன்று நாள் ஒருவரும் நாற்காலியில் உட்காரவில்லை. நான்காம் நாள், கட்டுமாவடியிலிருந்து திருச்சிக்கு மீன் ஏற்றிப் போகிற வண்டி ஓட்டுநர் ஒருவர் உள்ளே வந்தார். அக்கா கத்தியோடு நிற்பதைப் பார்த்தார். "கத்தி கூரா இருக்காம்மா?" என்று கேட்டார். "இருக்குங்க." "அப்பச் சரி, போடுங்க" என்று கழுத்தைச் சாய்த்துவிட்டார். அவருக்குப் பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

அன்றாடச் சவரத்துக்கு அக்கா பிளேடு மாற்றும் கத்தியைத்தான் வைத்திருந்தார். மொட்டைக்கு மட்டும் அப்பாவின் பழைய மடக்குக் கத்தி. கொதிநீரில் போட்டெடுத்து, தோல்வாரில் நான்கு இழுப்பு இழுத்துத்தான் தலையில் வைப்பார். அலகு அப்பாவின் அப்பா காலத்துக் கெட்டி எஃகு. கைப்பிடி இரண்டு பக்கமும் கறுப்பு எருமைக் கொம்பு.

அப்போது எனக்கு ஒரு வரன் வந்தது. பெண் வீட்டார் கீரனூர் வந்து பார்த்துவிட்டுப் போகும் வரை கடையைப் பூட்டிவைக்கச் சொன்னேன். அக்கா கேட்கவில்லை. "அப்பா கடைன்னா ஒனக்குக் கசக்கல, நான் நின்னாத்தான் கசக்குதோ? பாக்க வாரவங்க நல்லாப் பாத்துட்டுப் போகட்டும்டா" என்றார். கடையில் வேறு யாரும் இல்லை. அப்பா மட்டும் மூலையில் உட்கார்ந்திருந்தார். நான் கண்ணாடி மேடையில் இருந்த அந்தக் கத்தியை எடுத்து சிமென்ட் தரையில் ஓங்கி அடித்தேன். கொம்பு இரண்டு பக்கமும் பிளந்து தெறித்தது.

கத்தி கைதவறி விழுந்து உடைந்ததாகத்தான் இத்தனை வருடமும் சொந்தம் முழுக்கத் தெரியும். அப்படிச் சொன்னவர் அக்கா. அது பொய். உடைத்தவன் நான். வரனும் தட்டிப்போனது, அது வேறு.

மறுநாள் வேறு வழி தெரியாமல், புதிது ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்றேன். "ஒடஞ்சது பிடிதாண்டா. கத்தி ஒடையல" என்றார் அக்கா.

செவ்வாய்க்கிழமை சவரக் கடைகளுக்கு விடுமுறை. அந்தச் செவ்வாயே அக்கா வேலையைத் தொடங்கினார். ஆணித் தலைகளை அரத்தால் ராவி, மெல்லிய ஆணி வைத்துத் தட்டி வெளியே எடுத்து, அலகைத் தனியே கழற்றினார். உடைந்த கொம்புத் துண்டுகளைப் பழைய பத்திரிகை அட்டையில் பொருத்தி வைத்துப் பென்சிலால் வரைந்தார். மரம் எதில் எடுப்பது என்று கடையைச் சுற்றிப் பார்த்தார். அப்பா இடது கையைத் தூக்கி வாசலுக்கு மேலே காட்டினார். அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. அப்பா மறுபடியும் காட்டினார். 'ஆண்களுக்கு மட்டும்' பலகையை.

அக்கா ஸ்டூல் போட்டு ஏறிப் பலகையைக் கழற்றினார். துணி சுற்றிய ரம்பத் தகட்டால் அதை அறுத்தார். பட்டறை விட்டு வந்த நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபிட்டரான எனக்கு அது அரைமணி நேர வேலை. கை கொடுக்கவில்லை.

பாத்திரம் பற்றவைக்கும் கடையிலிருந்து பித்தளைக் கம்பி வாங்கி, அதையே ஆணியாக்கி, சின்ன வாஷர் வைத்து அடித்தார். முதல் தடவை அடி கூடிப்போய் மரம் விரிசல் விட்டது. அடுத்த செவ்வாய் இன்னொரு ஜோடி அறுத்தார். உப்புத்தாள் போட்டு, தேங்காய் எண்ணெய் தேய்த்து வழவழப்பாக்கினார். பிடி அழகாகத்தான் இருந்தது. ஆனால் மடக்கும்போதெல்லாம் அலகு மரத்தில் உரசியது. ஒவ்வொரு தடவையும் கூர் மழுங்கியது. தீட்டுவார், மடக்குவார், மறுபடி மழுங்கும். அடுத்த வாரம் காதுகுத்து மொட்டை ஒன்று இருந்தது. கத்தி தயாராகாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று அந்த வீட்டார் சொல்லியிருந்தார்கள். அக்காவை நம்பி வந்த முதல் காதுகுத்து மொட்டை அது. பொம்பளை கைக்கு இது வராது என்று சொல்லக் கடைத்தெருவே காத்திருந்தது.

குறை என்னவென்று எனக்குத் தெரியும். பிடியின் வால் பக்கத்தில், இரண்டு மரத்தகடுகளுக்கு நடுவே, ஒரு சின்ன ஈயத்துண்டு இருக்க வேண்டும். அதுதான் தகடுகளை விலக்கிப் பிடித்து, அலகு நடுவில் வந்து உட்கார வழிவிடும். அக்கா பழைய பிடியைப் பிரித்துப் பார்த்தபோது அது அங்கே இல்லை. நான் அடித்த அடியில் தெறித்து அலமாரிக்கு அடியில் போயிருந்தது. அன்றைக்கே அதைக் கண்டெடுத்து என் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். மூன்று வாரம் அதைச் சுமந்துகொண்டு திருச்சிக்குப் போய்வந்தேன். கொடுத்தால் அக்கா ஜெயித்துவிடுவார் என்று நினைத்தேன். இவ்வளவு கேவலமான காரணத்தை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மூன்றாவது செவ்வாய் மாலை, அக்கா நாற்காலியில் உட்கார்ந்து மழுங்கிய கத்தியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். மச்சான் போனபோதுகூட எங்கள் முன்னால் அழாதவர். என்னால் தாங்க முடியவில்லை. ஈயத்துண்டை எடுத்துக் கண்ணாடி மேடையில் வைத்தேன்.

"இது எங்கிட்டு கெடந்துச்சு?"

"அலமாரிக்கு அடியில."

"இம்புட்டு நாளாவா?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சுத்தியலப் பிடி. நீ அடி, நான் பிடிச்சுக்கிறேன்" என்றார். இருவருமாகத்தான் கடைசி ஆணியை அடித்தோம். அக்காவின் விரல் மேல் அடி விழுந்துவிடக் கூடாதே என்று மெல்ல மெல்லத் தட்டினேன். மடக்கிப் பார்த்தோம், அலகு எதிலும் படாமல் நடுவில் போய் உட்கார்ந்தது. அப்பா குழறலாக ஏதோ சொன்னார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். காதுகுத்துக் குழந்தைக்கு ஒரு கீறல் இல்லாமல் மொட்டை விழுந்தது.

அந்தக் கடையில் நின்றுதான் அக்கா அப்பாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டார், மகளைக் கல்லூரிக்கு அனுப்பினார், என் கல்யாணத்தை நடத்திவைத்தார். மகள் பட்டம் வாங்கிய பிறகு, யாரும் சொல்லாமலே கடையில் தானும் நின்று தொழில் செய்ய இரண்டாவது நாற்காலி போட்டாள். இப்போது பெண்களும் குழந்தைகளும்கூட வருகிறார்கள்.

நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சென்ற ஆண்டு சிறுநீரகம் கெட்டு அக்காவைப் புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, படிவம் எழுதிய நர்ஸ் தொழில் என்ன என்று கேட்டார். "வீட்லதான் இருக்காங்க" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. கண்ணை மூடிப் படுத்திருந்த அக்கா, கண்ணைத் திறக்காமலே, "சவரத் தொழிலாளின்னு எழுதுங்கம்மா. அவன் பயப்படுவான்" என்றார். நர்ஸ் அடித்துவிட்டு எழுதினார். அதற்குப் பிறகு அக்கா வீடு திரும்பவில்லை.

கருமாதியன்று குளக்கரையில் சவரத்துக்கு வெளியூர் ஆள் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். கொள்ளி வைத்த, மச்சான் வழிப் பிள்ளைக்கு அவர் மொட்டை போட்டார். பிறந்த வீட்டுக்காரனான எனக்கு மொட்டை கட்டாயமில்லை. ஆனாலும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். வெளியூர்க்காரர் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார். வேண்டாமென்று சொல்லிவிட்டு அக்கா மகளைக் கூப்பிட்டேன். "ஏத்தா, நீ வாத்தா. அம்மா கத்திய எடுத்துட்டு வா."

"பொம்பளப் புள்ள கையால கருமாதிச் சவரமா? எங்கிட்டாவது உண்டா?" என்று சித்தப்பா குரல் கொடுத்தார்.

"ஒங்க பேரனுக்குக் காதுகுத்து மொட்டை யாரு போட்டா சித்தப்பா?" என்று கேட்டேன். அவர் குளத்தைப் பார்த்துக்கொண்டார்.

அவள் வந்தாள். தலையை நனைத்தாள். கத்தியை விரித்தபோது, பிடியின் உள்பக்கத்தில், உப்புத்தாள் எட்டாத இடத்தில், பழைய மஞ்சள் பெயின்ட் கொஞ்சம் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். நான் உடைத்த கத்திக்கு முன்னால் குனிய எனக்கு முப்பது வருடம் ஆகியிருக்கிறது. "மாமா, ஆடாதீங்க" என்றாள் அவள். நான் அழுதுகொண்டிருந்ததை அவள் அப்படித்தான் சொன்னாள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். முதல் ஆளாகக் கழுத்தைச் சாய்த்த கட்டுமாவடி ஓட்டுநருக்கு, அவர் எங்கே இருந்தாலும். பித்தளைக் கம்பி தந்த பாத்திரக்கடைக்காரருக்கு. தொழில் என்ற இடத்தில் என் சொல்லை அடித்துவிட்டு அக்கா சொல்லை எழுதிய நர்ஸுக்கு. கோபித்துக்கொண்டாலும் இன்று பந்தியில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பாவுக்கும்.

நினைவு நாள், கடைக்கு விடுமுறையான செவ்வாய்க்கிழமையில் வந்திருக்கிறது. நாளைக் காலை ஆறு மணிக்குக் கடை திறந்திருக்கும். இந்த மலரை வீட்டில் ஒளித்துவைக்க நினைப்பவர்கள் ஒளித்துவைக்கலாம். தாடி வளர்ந்தால் கடைக்குத்தான் வர வேண்டும். யாரும் பார்க்காமல் வந்து போக அதற்குப் பின்வாசல் கிடையாது. அப்பா வைக்கவில்லை. முன்வாசல் ஒன்றுதான், அக்கா கடைசி வரை நிமிர்ந்து போய்வந்த வாசல் அது.