நடுவில் ஆளில்லாத தொலைபேசி

ரிசீவரைக் காதில் வைத்ததும் முதலில் ஓர் இரைச்சல் கேட்கும். அது கொஞ்ச நேரம் ஊதிக்கொண்டிருந்துவிட்டு, சொடக்குப் போட்டதுபோல் "டொக்" என்று ஒரு சத்தம் வந்து, அதன்பின் ஒரு பெண்குரல் "நம்பர் சொல்லுங்க" என்னும். எழுபதுகளின் கடைசியில், நெரவியில் உரக்கடை வைத்திருந்த அப்பா எங்கள் கூடத்தில் மாட்டியிருந்த அந்தக் கறுப்புத் தொலைபேசியில் எண்களைச் சுழற்றும் வட்டம் கிடையாது. காரைக்காலில் பலகை முன்னால் உட்கார்ந்து, துளைக்குத் துளை கயிறு செருகி ஊரை ஊரோடு சேர்த்துவைத்தவர் அந்தக் குரலுக்குரியவர்தான். அவர் முகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை; வீட்டில் அவருக்குப் பெயர் "எக்ஸ்சேஞ்சு அக்கா".

எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தியை யாரும் போனில் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். "ஒடனே பொறப்பட்டு வாங்க" என்பதோடு வைத்துவிடுவார்கள். என்ன ஏது என்று இந்தப் பக்கத்திலிருந்தும் கேட்கக் கூடாது. ஆனால் நடுவில் அக்கா இருந்தார். வெளியூர் அழைப்பை இணைக்கும்போதே, "பதறாதீங்க, காய்ச்சல்தானாம்" என்று காதில் போட்டுவிடுவார். அவர் ஒன்றும் சொல்லாமல் இணைத்தால் அம்மாவின் முகம் அப்போதே வெளுத்துவிடும்.

பிறகு தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வந்தது. வட்டம் வைத்த புதுப் போன் வந்தது. பாண்டிச்சேரிக்கு நாமே எண்ணைச் சுழற்றிப் பேசலாம் என்றதும் அப்பா தலைகால் புரியாமல் திரிந்தார். "இனிமே நம்ம பேச்ச எவரும் ஒட்டுக் கேக்க முடியாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்தார். எனக்கு மட்டும், ரிசீவரை எடுத்ததும் அக்காவின் குரலுக்குப் பதிலாகக் கேட்ட அந்த "டொர்ர்" என்ற ஒலி பிடிக்கவில்லை. ஆளில்லாத வீட்டில் கூப்பிட்டுப் பார்ப்பது போலிருந்தது.

பாண்டிச்சேரியில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் ஒரே அண்ணன், வயிற்றில் அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார். ஒருநாள் காலை மணி அடித்தது. எடுத்தது அப்பா. மாமாவின் அண்டை வீட்டுக்காரர் பேசினார். "ஒடனே பொறப்பட்டு வாங்க" என்றதுமே லைன் தானாக அறுந்துவிட்டது.

அறுந்தது லைன் என்று அப்பா நினைக்கவில்லை. வழக்கப்படி வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தார். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டதும் அம்மா தரையில் விழுந்து அழுதாள்.

இறந்தவரைப் பார்க்கப் போக என்ன அவசரம்? போலகத்துக்கும் விழிதியூருக்கும் ஆள் போய்ச் சொந்தக்காரர்களைக் கூட்டிவந்தது. மாலை கட்டச் சொன்னார்கள். கோடி வேட்டி வாங்கினார்கள். "போன உசுரு போயிருச்சி, எல்லாரும் சேந்தே போவோம்" என்றார் பெரியப்பா. வேன் கிளம்பியபோது உச்சிவெயில் சாய்ந்துவிட்டது.

மாமாவின் வீட்டு வாசலில் பந்தல் இல்லை, கூட்டம் இல்லை, கதவில் பூட்டுத் தொங்கியது. எதிர்வீட்டு அம்மாள் எங்கள் கையிலிருந்த மாலையைப் பார்த்துத் திகைத்தார். "ஆஸ்பத்திரியிலல்ல இருக்காங்க! தங்கச்சி வந்தாச்சா வந்தாச்சான்னு காலையிலேர்ந்து கேக்குறாங்களாம்."

அம்மா சிரித்தாள். வேன் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அழுதபடியே சிரித்துக்கொண்டிருந்தாள். மாலையை இருக்கைக்கு அடியில் காலால் தள்ளி மறைத்தாள்.

வார்டு வாசலில் அத்தை உட்கார்ந்திருந்தார். "இப்பத்தான்..." என்று ஆரம்பித்தவரால் முடிக்க முடியவில்லை. "வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க."

கொண்டுபோன மாலை வீணாகவில்லை. பெரியப்பாதான் வேனுக்குப் போய் அதை எடுத்துவந்தார்.

அந்தப் பலகை இப்போது இல்லை. தானியங்கியும் பழசாகி ஒழிந்துபோனது. எக்ஸ்சேஞ்சு அக்கா எங்கே போனார் என்று விசாரித்தும் தெரியவில்லை. இன்று என் கைபேசியில் பேசுகிறவரின் முகமே தெரிகிறது. ஆனாலும் நெரவியில் தனியாக இருக்கும் அம்மா, எனக்கு எப்போது போன் செய்தாலும், என் "ஹலோ"வைக்கூட எதிர்பார்க்காமல், "நான் உசுரோடதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவாள். முன்பெல்லாம் சிரிப்பாக இருக்கும். இப்போதெல்லாம் சிரிக்க முடிவதில்லை, அவளுக்கு எண்பது ஆகிவிட்டது. ஒருநாள் அவளுடைய எண்ணிலிருந்து அழைப்பு வரும், வேறு யாரோ பேசுவார்கள். உடனே புறப்பட்டு வரச் சொல்வார்கள்.