தட்டின் அடியில் பொட்டு

என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் அரிவாளுக்குச் சாணை பிடிப்பவர்; அறுப்புக் காலத்தில் தீட்டுக்கல்லும் விற்பார். அந்த வருஷம் புது வியாபாரி ஒருவன் சாக்கு நிறையக் கல் கொண்டுவந்து இறக்கினான். "நீ வெச்சிருக்கிற அதே கல்லுதான் அண்ணே. வேணுமா வேணாமான்னு சாயங்கால பஸ்ஸுக்குள்ள சொல்லிடு" என்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டான்.

நிறம் அச்சாக அப்படியே இருந்தது. மலையில் வெட்டிய கல் ஒன்றுபோல் இன்னொன்று இராது; அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மணலும் சிமெண்டும் குழைத்து வார்த்ததாக இருக்குமோ? இருந்தால், அரிவாளில் கூர் ஏறாது; வல்லத்திலிருந்து அறுப்புக்கு வரும் ஆட்கள் வயலில் நின்றே நைனாவைத் திட்டுவார்கள். அடுத்த அறுப்புக்கு அவரிடம் ஒருவரும் வரமாட்டார்கள்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான், எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தேன். நைனாவின் பழைய கல் தேய்ந்து வளைந்திருந்தது. அதை அளந்து ஒப்பிட வழியில்லை. ஆனால் வெளியில் ஒருமுறை, நூலில் தொங்கவிட்டுத் தண்ணீருக்குள் ஒருமுறை நிறுத்தால், எந்தக் கல் தன் பருமனுக்கு எவ்வளவு கனம் என்று தெரிந்துவிடும். அதற்கு நம்பக்கூடிய தராசு வேண்டும்.

"கல்லுக்குமா பரீட்சை வெக்கப்போற?" என்று சிரித்தபடி நைனா கடைத்தெருவுக்குக் கூட வந்தார்.

வில் தராசு மலிவு. ஆனால் எதையும் மாட்டாதபோதே அதன் முள் பூஜ்யத்தைத் தாண்டி நின்றது. கண்ணாடிப் பெட்டித் தராசின் விலையைக் கேட்டதும் நைனா தெருவைப் பார்க்கத் தொடங்கினார். மிஞ்சியது பித்தளைக் கைத்தராசு. எடைக்கற்களில் சர்க்கார் முத்திரை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன்.

"இன்னா பாப்பா, பொண்ணு பாக்க வந்தவங்களாட்டம் பாக்குற?" என்றார் கடைக்காரர்.

"பொண்ணு இல்லீங்க, மாப்ள. அதான் நல்லா விசாரிக்கிறேன்."

தராசைத் தூக்கினேன். வெறும் தட்டுகளிலேயே ஒரு பக்கம் தாழ்ந்தது. தட்டுக்கு அடியில் புளியை ஒட்டி ஏமாற்றுவது எனக்குத் தெரியாதா? திருப்பினேன். கெட்டியாக ஏதோ ஒட்டியிருந்தது.

"பாரு நைனா, புளி!"

"ஐயையோ, ஆயுதபூஜைக்கு வெச்ச சந்தனம்மா அது!"

முகர்ந்தேன். சந்தனம்தான். அப்போதும் நான் விடவில்லை. "சந்தனத்துக்கும் கனம் இருக்குதுல்ல? துடைச்சுடுங்க."

"சாமிப் பொட்டைத் துடைக்கச் சொல்றியே, கடைக்கு ஆகுமா?"

"அப்ப வேற கடை பாக்குறோம்."

அவர் நைனாவைப் பார்த்தார். நைனா என்னைப் பார்த்தார். கடைசியில் கடைக்காரரே துண்டின் நுனியை நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு துடைத்தார். கோல் நேரானது. எடைக்கல்லை ஒரு தட்டிலும் அதற்குச் சமமாகக் கடைச் சரக்கை மறு தட்டிலும் வைத்து, பிறகு தட்டு மாற்றியும் நிறுத்துப் பார்த்தேன். அப்போதும் நேராகவே நின்றது. அதன் பிறகுதான் வாங்கினோம்.

வீட்டில் பழைய கல்லையும் புதுக் கல்லையும் குண்டான் தண்ணீரில் குமிழி அடங்கும்வரை ஊறவைத்து, வெளியிலும் தண்ணீருக்குள்ளுமாக நிறுத்தேன். புதுக் கல் தன் பருமனுக்கு நன்றாகவே கனம் குறைவு. இப்போது நைனாவுக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. "கல்லு குண்டான்ல இடிக்குதா பாரு, இடிச்சா கனம் கொறஞ்சு காட்டும்" என்றார். சாக்கின் அடியிலிருந்து வேறொரு கல்லை அவரே எடுத்துத் தந்தார். அதுவும் அப்படியே.

சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். திரும்பி வந்து, "வேணாம்னேன். ஏன்னு ஒரு வார்த்த கேக்கல, எடுத்துக்கினு பஸ் ஏறிட்டான்" என்றார். பிறகு தராசைப் பார்த்தார். "வெறுமனே இருக்குது. ஒரு பொட்டு வெச்சுடேன்."

கோலின் நட்டநடுவில் வைத்தேன். வைத்துவிட்டு, ஒருமுறை தூக்கிப் பார்த்தேன்.