கருமாதி முடிந்த கப்பல்காரர்

என் அய்யாவுக்கு இரண்டு பேர். ஓடைப்பட்டியில் பிறந்தபோது முத்துவீரன். இருபத்துமூன்று வயதில் மறுபடி பிறந்தபோது பிச்சை. சுருளியம்மாள் ஆகிய நான் பிச்சையின் மகள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் வம்பு வந்தது.

உலகச் சண்டை நடந்த காலத்தில் அய்யா போடியிலிருந்து ஏலக்காய் மூட்டைகளோடு கொச்சிக்குப் போனார். மூட்டையை இறக்கிய இடத்தில் கப்பலுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏறிவிட்டார். கடலை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். அதையும் சரியாகப் பார்க்கவில்லை, ஏனென்றால் அவருக்குக் கிடைத்தது கப்பலின் அடியில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போடும் வேலை. அங்கே ஜன்னல் கிடையாது. மேலே பட்டாளத்துக்குப் போகும் மாவும் சோப்பும் பூட்ஸும் இருந்தன. "சண்டையில என்ன செஞ்சீக அய்யா?" என்று கேட்டால், "சோப்பு கொண்டு போனேன்" என்பார்.

நீர்மூழ்கிக்காரன் அந்தக் கப்பலை உடைத்த கதையையும் அவர் நீட்டிச் சொன்னதில்லை. "தண்ணி உள்ள வந்துச்சு. நாங்க வெளிய வந்தோம். எல்லாரும் வரல." அவ்வளவுதான். பதினோரு நாள் படகில் கிடந்தவரை இன்னொரு சரக்குக் கப்பல் தூக்கிக்கொண்டது. அங்கேயும் கரி அள்ள ஆள் பற்றவில்லையாம். நாலாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டார்கள். உயிரோடு இருப்பதாக ஒரு மலையாளத்து ஆளிடம் சொல்லிக் கடிதம் எழுதவைத்திருக்கிறார். கம்பம் பக்கத்து ஓடைப்பட்டி என்று விலாசம் போட்டது, ஆந்திராவில் இருக்கிற இன்னொரு கம்பத்துக்குப் போய்விட்டது. தந்தி மட்டும் வழி தவறாமல் ஓடைப்பட்டிக்கு வந்தது: முத்துவீரன் கடலில் இறந்தார்.

உடல் இல்லாததால் வைக்கோலில் ஆள் செய்து, அவருடைய வேட்டியைச் சுற்றி எரித்தார்கள். பதினாறாம் நாள் கருமாதி. என் ஆத்தா அய்யம்மாள் தாலியைக் கழற்றினாள்.

பதினாலு மாதம் கழித்து அய்யா சின்னமனூரில் இறங்கி நடந்தே வந்தார். ஊர் எல்லையில் மறித்துவிட்டார்கள்.

"ஏலே, நீ செத்துட்டியேடா! உன் கருமாதிச் சோத்தை நானே தின்னேனே" என்றார் ஊர்ப் பெரியவர்.

"அதுக்கு நான் இப்ப என்ன செய்யணும் மாமா?"

"மறுபடி பிறக்கணும்."

பிறந்தார். முறத்தில் தவிட்டைப் பரப்பிப் படுக்கவைத்தார்கள். தலை மட்டும்தான் முறத்துக்குள் கொண்டது. பிறந்த பிள்ளைக்கு வைப்பதுபோல நாக்கில் சீனித் தண்ணீர் தொட்டுச் சேனை வைத்தார்கள். காது குத்த ஆசாரி வந்தபோது, பழைய ஓட்டையிலேயே குத்தும்படி கெஞ்சினாராம். பிச்சை என்று பேர் விட்டார்கள். மூன்றாம் நாள் என் ஆத்தாளுக்கு மறுபடி தாலி கட்டினார். அடுத்த வருடம் நான்.

பிறகு பட்டா, ரேஷன் அட்டை எல்லாம் பிச்சைதான். முத்துவீரன் என்று கூப்பிட்டால் திரும்பமாட்டார். திராட்சைக்கொடி வெட்டினார், பந்தல் கட்டினார், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதில் காய்ச்சலில் போனார். ஆனால் ஆடி அமாவாசைக்குச் சுருளி அருவிக்குப் போகாமல் இருந்ததில்லை. கொதிகலனுக்கு முன்னால் கூட நின்று, வெளியே வராமல் போன ஒன்பது பேருக்கும் பேர் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுவார். குஞ்ஞப்பன், அப்துல், பீட்டர் என்று போகும். அய்யர் ஒருமுறை கேட்டார், "இதுல நம்மாளுக யாருப்பா?"

"தெரியல சாமி. எல்லாரும் கரியா இருந்தோம்."

பத்தாவதாக முத்துவீரன் என்று சொல்லி ஒரு கை விடுவார். அவர் என்ன உறவு என்று கேட்டால், "கூட வேலை பார்த்தவன்."

போன வருடம் என் பேத்தி திரிஷா செல்போனில் எதையோ தேடப்போய், அந்தக் கப்பலில் செத்தவர்களின் பட்டியலைக் கண்டுபிடித்தாள். துறைமுகத்தில் அவர்களுக்கு நினைவுக் கல் வைக்கப் போகிறார்கள். பட்டியலில் முத்துவீரன் இருந்தார். படித்த பிள்ளை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கொள்ளுத்தாத்தா உயிரோடு திரும்பினார் என்று எழுதிப் போட்டுவிட்டாள். மறுநாளே கல் வைக்கிற கமிட்டியிலிருந்து ஜேசுராஜ் என்பவர் போனில் வந்தார்.

"அம்மா, நல்ல சேதி. உங்க அப்பா பேரை எடுத்துடறோம்."

"எடுத்து எங்கன வைப்பீக?"

"எங்கயும் இல்லம்மா. இது இறந்தவங்களுக்கான கல்லு. திரும்பி வந்தவங்களுக்குக் கல்லு கிடையாது."

"அப்ப அவரு கரி அள்ளுனது?"

"அதுக்கில்லம்மா... தப்பான தகவலைக் கல்லுல வெட்டக் கூடாது. அவங்க எண்பத்தொன்பதுலதானே இறந்தாங்க?"

"அது பிச்சை. முத்துவீரனுக்கு ஊரே கூடிக் கருமாதி வச்சாக. பந்தியில சாப்பிட்டவக அத்தன பேரும் பொய்யா?"

திரிஷா பக்கத்தில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டாள். "அப்பத்தா, அவரு பாவம், விட்டுரு."

விடவில்லை. கூட நின்ற ஒன்பது பேரும் அந்தக் கல்லில் இருக்கிறார்கள். அவர்களை விட்டு இவரை மட்டும் உருவினால் எங்கே போய் நிற்பார்? ஜேசுராஜ் அந்த வாரத்தில் மூன்று முறை கூப்பிட்டார். நல்ல மனுஷன், ஒருமுறையும் குரல் ஒசத்தவில்லை. மூன்றாம் முறை இறங்கி வந்தார்.

"சரிம்மா. கடல்லயே இறந்துட்டாருன்னு வச்சுக்குவோம். வாரிசுன்னு ஒரு கட்டம் இருக்கு. செத்து ரெண்டு வருஷம் கழிச்சுப் பிறந்த உங்களை மகள்னு எப்படிம்மா போடறது?"

அடுப்பில் பால் இருந்தது. போய் இறக்கிவைத்துவிட்டு வந்தேன்.

"என்னைப் போட வேணாம். அய்யம்மாள்னு போடுங்க. முத்துவீரன் பெண்டாட்டி. தாலி கழட்டுனவ."

"அவங்க இருக்காங்களா?"

"இல்ல. அவ ஒரு தடவதான் செத்தா."

அந்தப் பக்கம் எழுதுகிற சத்தம் கேட்டது.

மாசியில் கல் திறந்தார்கள். எனக்கு மூட்டு வலி, திரிஷா போனாள். முத்துவீரன் ஏழாவது வரியில் இருக்கிறாராம், குஞ்ஞப்பனுக்குக் கீழே. குடும்பத்தாருக்கு முன்வரிசையில் பேர் ஒட்டிய நாற்காலிகள். வாரிசுக் கட்டத்தில் நாங்கள் இல்லாததால் எங்களுக்கு இல்லை. நீங்கள் யார் என்று கேட்டதற்கு, "தெரிஞ்சவங்க" என்று சொல்லிப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறாள். பின்வரிசைக்கும் டீ வந்ததாம்.