காரம் குறைவு

மட்டாஞ்சேரியின் சுள்ளிக்கல்லில் அமுதவள்ளியை நடையை வைத்தே அடையாளம் சொல்வார்கள். தேனிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து பதினொரு வருஷம். வீடு வீடாகப் பிளாஸ்டிக் சேகரிக்கும் வேலை. மூட்டையோடு அவள் கிளம்பினால் கூட வருகிறவர்கள் ஓடத்தான் வேண்டும். மலையாளம் மட்டும் இன்றுவரை அரைகுறை.

இரண்டு முறை சிறுநீரகக் கல் வந்து, உடம்பும் ஓயாமல் அசந்துபோனதால், டாக்டர் ரத்தத்தைச் சோதித்து மலையாளத்தில் விளக்கம் சொன்னார். வீட்டுக்கு வந்தவள் புருஷன் வேலனிடம் குதித்தாள்.

"ரத்தத்துல ஆசிட் ஜாஸ்தியாம், காரம் கம்மியாம். நான் அப்பவே சொல்லல, உங்க ஊர்ச் சாப்பாட்டுல காரமே கிடையாதுன்னு?"

வேலன் சிரித்தான். அன்று சாயங்காலமே மோர்மிளகாய் வாங்கி வந்தான். டாக்டர் கொடுத்த சிரப்போ எலுமிச்சையாகப் புளித்தது. ஆசிட் ஜாஸ்தி என்கிறவளுக்குப் புளிப்பா கொடுப்பார்கள் என்று இருவரும் டாக்டரை ஒரு பாட்டம் திட்டினார்கள். பாட்டிலைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தது வேலன்தான்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் அவள் கூப்பிட்டாள். "என்னங்க, கால் வரமாட்டேங்குது."

விளையாடுகிறாள் என்று நினைத்துக் காலைத் தூக்கிவிட்டான். அது தொப்பென்று விழுந்தது. அந்தக் காலா இது! பக்கத்து வீட்டு ஷிபுவின் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள்.

ரத்தத்தில் பொட்டாசியம் அடிமட்டத்துக்கு இறங்கியதால்தான் கால் ஓய்ந்திருந்தது, டிரிப் ஏற்றினார்கள். "மருந்து நிறுத்தியோ?" என்று கேட்டாள் நர்ஸ் அம்பிளி. வேலன் நடந்ததை நடந்தபடி சொன்னான். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"என்டெ சேட்டா! காரம்னா எரிவு அல்ல. அப்பக்காரம் உண்டல்லோ, அந்தக் காரம்!"

ஆப்பமாவில் போடும் சோடாப்பொடி! அமுதவள்ளியின் சிறுநீரகம் ஆசிட்டை வெளியேற்றாமல் பொட்டாசியத்தை வெளியே விடுகிறதாம். சிரப் நாக்கில்தான் புளிக்குமாம். உள்ளே போனால் காரமாகி ஆசிட்டை முறிக்குமாம். ஆயுசு முழுக்கக் குடிக்க வேண்டுமாம்.

வேலன் இந்த ஊரில் பிறந்தவன். அப்பக்காரம் என்று கடையில் ஆயிரம் தடவை கேட்டு வாங்கியவன். அந்தச் சொல் பெண்டாட்டி வாயில் வந்ததும் அவனுக்கும் மிளகாயாகிவிட்டது. பாட்டிலைக் கவிழ்த்த கையைப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் அவள் கால் பெருவிரல் அசைந்தது. வேலன் புது சிரப்பை மூடியில் அளந்து, தண்ணீர் கலந்து நீட்டினான்.

"புளிக்குதுங்க."

"குடி," என்றான். "இனிமே நான் என்ன சொன்னாலும் கேக்காத."