அக்கா வீட்டு சிலாப்புக்கு வந்த வெள்ளைக்கல்

கல்லைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். கட்டட வேலைக்கு வரும் கல், மணல், சீமெந்தைச் சோதிக்கும் சின்ன ஆய்வுகூடம் ஒன்று பதுளை டவுனில் இருக்கிறது. அங்கேதான் வேலை. கல் விஷயத்தில் எனக்கே புத்தி மழுங்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற என் அக்கா, கிடைத்த துண்டு நிலத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். சுவர் எழும்பி, கூரைக்குக் கொங்கிரீட் சிலாப் போட வேண்டியிருந்தது. ஒருநாள் போனில், "எந்தக் கல்லுடி சிலாப்புக்கு நல்லது?" என்று கேட்டாள். எனக்கு அன்று தலைக்கு மேல் வேலை. "சுத்தியலால தட்டிப் பாரு. ணங்குன்னு சத்தம் வந்தா நல்ல கல்லு. போனை வை" என்றேன்.

எங்கள் தோட்டத்தில் யார் வீட்டுக்கு சிலாப் போட்டாலும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், வீட்டுக்கு ஒரு கூடை கல் உடைத்துக் கொடுப்பது வழக்கம். சிலாப்புக்கு முதல் நாள் மத்தியானம் நான் போய் இறங்கியபோது வாசலில் வெள்ளைவெளேரென்று கல் குவிந்து கிடந்தது. ஓடைக்கரைப் பாறையில் உடைத்தது. ணங் என்று கேட்காத கல்லையெல்லாம் வீசிவிட்டுப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருந்தார்கள். அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

கை கால் கழுவக் கோயில் தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். ஐயோ! கட்டிப் பதினைந்து வருடம்கூட ஆகாத தொட்டி. சுவர் முழுக்க வலை பின்னியதுபோல் வெடிப்பு. வெடிப்பு வழியே பசை மாதிரி ஏதோ கசிந்து வெள்ளையாகக் காய்ந்திருந்தது. சாமி காரியம் என்று நினைத்து அதன்மேல் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். மூலையில் பெயர்ந்த இடத்தில் எட்டிப் பார்த்தேன். அதே ஓடைக்கரை வெள்ளைக்கல்.

சில கல் இரும்பாட்டம் கெட்டியாக இருக்கும். ஆனால் சீமெந்தில் இருக்கிற காரமும் ஈரமும் சேர்ந்தால் அதில் பசை ஊறும். பசை தண்ணீரைக் குடித்து, ஊறப்போட்ட கடலை மாதிரி உப்பி, கொங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். தட்டிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. கல்லை மெல்லிசாகச் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். நொறுக்கிச் சீமெந்தில் கலந்து கட்டை வார்த்து, சூடான காரநீரில் இரண்டு வாரம் போட்டு, எவ்வளவு நீள்கிறது என்று அளக்க வேண்டும். அளக்கிறவளே நான்தான்! ஊரார் கல்லுக்கெல்லாம் இத்தனை செய்துவிட்டு, கூடப் பிறந்தவள் கையில் சுத்தியலைக் கொடுத்திருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"அக்கா, இந்தக் கல்லைப் போடாத."

"நீதானடி தட்டிப் பாக்கச் சொன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன். கோயில் தொட்டியப் போய்ப் பாரு. இதே கல்லுதான்."

அக்கா குவியல் ஓரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "லயமே கை கொப்புளிக்க உடைச்சுக் குடுத்துருக்கு. வேணாம்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க இருக்குறது? எத்தன வருசத்துல வெடிக்கும்?"

"பத்தும் ஆகலாம், பதினஞ்சும் ஆகலாம்."

"அப்ப எம்புள்ளைக காலத்துல" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நீயே சொல்லு. என்னால முடியாது."

சாயங்காலம் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்களைத் தொட்டியடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெடிப்பைக் காட்டினேன். என் வாயால் வந்த வினை என்பதையும் மறைக்கவில்லை. கிழித்துத் தொங்கவிடுவார்கள் என்று பயந்துகொண்டு நின்றேன். அவர்கள் ஏசாமல், ஒவ்வொருத்தியாகக் குனிந்து வெடிப்பைத் தடவிப் பார்த்தார்கள்.

பிறகு, அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் போன தை மாதம் புதுவீடு குடிபோன பெண் முன்னால் வந்தாள். அவள் மகள் பிரசவமாகி அந்த வீட்டில்தான் படுத்திருந்தாள்.

"எங்க சிலாப்புக்கும் எல்லாரும் இந்தக் கல்லுதானே தாயி உடைச்சுக் குடுத்தாங்க? அப்ப அதுவும் இப்படித்தான் வெடிக்குமா?"

எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"ஆமாங்க" என்றேன்.